கால் தெரியுது

அந்தச் செவிலியர் கல்லூரியின் சம்பளப் பட்டியலில் அவருக்கு முறையான பெயர் ஒன்று இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் போர்வை மேடம்தான். மாணவிகள் வைத்த பெயர். மற்ற ஆசிரியைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு அவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். கடைசியில் ஒரு கூட்டத்தில் கல்லூரி முதல்வரே வாய் தவறி, போர்வை மேடம் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மேடம் கோபப்படவில்லை. நல்ல பெயர்தானே, இதைவிட மோசமான பெயரெல்லாம் இங்கே இருக்கிறது என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருந்தியல் ஆசிரியை, மாணவிகள் 'ஊசி' என்று அழைக்கும் அம்மாள், தலையைக் குனிந்துகொண்டார்.

பெயர் சும்மா வரவில்லை. மேடம் பல வருஷம் வார்டில் நர்ஸாக உழைத்துவிட்டுச் சொல்லிக்கொடுக்க வந்தவர். மாணவிகளைக் கூட்டிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தால் அவர் கண் நேராகக் கட்டிலின் கால்மாட்டுக்குத்தான் போகும். காய்ச்சல் பார்த்தாயா, மாத்திரை கொடுத்தாயா என்பதெல்லாம் அப்புறம். "கால் தெரியுது" என்பார். முதல் வருஷப் பிள்ளைகள் பதறியடித்துக்கொண்டு ஓடிப்போய்ப் போர்வையை இழுத்துவிடுவார்கள். காயத்துக்குக் கட்டு மாற்ற வேண்டுமா, அந்த ஓர் இடத்தை மட்டும் திறக்க வேண்டும். மாற்றி முடித்த கையோடு மூடிவிட வேண்டும். இதில் ஒருத்தி தவறினாலும் அன்றைக்கு அவள் பாடு திண்டாட்டம்தான். விடுதியில் எவளாவது தூக்கத்தில் காலை நீட்டினால்கூடப் பக்கத்துக் கட்டில்காரி மேடத்தின் குரலிலேயே "கால் தெரியுது" என்று இழுப்பாள், அறையே சிரிக்கும்.

வீட்டில் போர்வை என்பது ஓயாத சண்டை. மேடத்துக்கு ஒரே மகள். பிறந்ததிலிருந்து போர்வையை உதைக்கிறவள். அம்மா போர்த்துவார், இவள் உதைப்பாள். மறுபடி போர்த்துவார், மறுபடி உதைப்பாள். அப்பாவுக்குக் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் வேலை. ஊருக்கெல்லாம் குளிர் உண்டாக்கிக் கொடுப்பது என் பிழைப்பு, இழுத்து மூடுவது உன் பிழைப்பு, நமக்கு எப்படித்தான் ஒத்துவந்ததோ என்று அவர் மனைவியைக் கிண்டல் செய்வார்.

மகளும் அதே கல்லூரியில் மூன்றாம் வருஷம் படித்தாள். வீட்டில் அம்மா, நீ. கல்லூரி வாசலைத் தாண்டிவிட்டால் மேடம், நீங்க. இது மகள் போட்ட சட்டம். அம்மா போட்ட மார்க்கில்தான் இவள் பாஸானாள் என்று ஒருத்தி வாயிலிருந்தும் வந்துவிடக் கூடாது என்ற ரோஷம். மேடத்துக்கு அதில் பெருமை உண்டு. காலையில் ஒரே தட்டில் சாப்பிட்டவள் வராந்தாவில் எதிரே வந்து "குட் மார்னிங் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போகும்போது கொஞ்சம் வலிக்கவும் செய்யும்.

மூன்றாம் வருஷத்து மாணவிகளைக் கல்லூரி வெளிநாட்டுக்குப் படிப்புப் பயணம் அழைத்துப் போகும். பழைய ஆஸ்பத்திரிகள், மருத்துவ வரலாற்று அருங்காட்சியகங்கள் என்று நாலு இடம் காட்டுவார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு விமானத்தில் ஏறினால் போதும், கடைத்தெருவைப் பார்த்தால் போதும். மகளுக்கு அப்படி இல்லை. அங்கே பெரிய அருங்காட்சியகம் ஒன்றில் ஒவ்வொரு மாணவியும் ஒரு பொருளுக்கு முன்னால் நின்று அதன் கதையை விளக்க வேண்டும். எல்லாரிலும் நன்றாகச் சொல்கிற ஒருத்திக்கு, படிப்பு முடிந்ததும் அங்கேயே ஒரு வருஷம் தங்கி மருத்துவ வரலாறு படிக்க இடம் கொடுப்பார்கள். அந்த இடத்துக்காக மகள் முதல் வருஷத்திலிருந்தே தவம் கிடந்தாள்.

மேடத்துக்கு இது பிடிபடவே இல்லை. "உயிரோட இருக்கிறவங்களைப் பார்த்துக்கத்தானே படிக்கிறே? செத்துப்போனவங்க சாமானை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே?" என்று ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் கேட்டுவிட்டார். மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். கேட்டவருக்கே தெரியும், மனசில் இருந்த கேள்வி அது இல்லை என்று. ஒரு வருஷம் நீ இல்லாமல் நான் யாருக்குப் போர்த்துவது என்பதுதான் கேள்வி. அதை எந்த அம்மா வாய்விட்டுக் கேட்பாள்?

துணைக்குப் போக வேண்டிய ஊசி அம்மாளுக்குக் கடைசி நேரத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. முதல்வர் போர்வை மேடத்தைக் கிளம்பச் சொன்னார். மகளுக்கு முகம் சுருங்கிப்போனது. விமான நிலையத்தில் அம்மாவை ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"நான் பேசும்போது பின்னால நின்னுக்கோ. வாயே திறக்காதே. அங்க நீ எனக்கு மேடம் மட்டும்தான், சரியா?"

மேடம் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் ஒப்புக்கொண்டார். கையைப் பற்றி யாரும் பேசவில்லை.

முதல் நாள் ஒரு பழைய மருந்துக்கடையையும் அறுவை அறையையும் பார்த்தார்கள். மயக்க மருந்து இல்லாத காலத்தில் காலை அறுத்த ரம்பம் ஒன்று கண்ணாடிக்குள் இருந்தது. தச்சன் வைத்திருப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வாய் ஓயாத பெண்கள்கூட அதன் முன்னால் கப்சிப். ஒருத்தி மட்டும் விதிவிலக்கு. அவளுக்கு 'மைக்' என்று பெயர். அவள் காதில் ஒரு சேதி விழுந்தால் ஊருக்கே டமாரம் அடித்த மாதிரி. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, வெளிநாட்டுத் தொடர்களைப் பார்த்துப் பார்த்தே அந்த ஊர்ப் பேச்சைக் கரைத்துக் குடித்திருந்தாள். சாப்பாடு கேட்பதானாலும் கழிப்பறை கேட்பதானாலும் எல்லாரும் அவள் பின்னால்தான்.

இரண்டாம் நாள் பெரிய அருங்காட்சியகம். அது ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியாக இருந்த கட்டடம். உயரமான ஜன்னல்கள் வரிசையாக வைத்த நீண்ட கூடம். உள்ளே காலடி வைத்ததுமே மேடத்துக்கு அது வார்டு என்று தெரிந்துவிட்டது. கட்டில்கள் இல்லையே தவிர, இரண்டு ஜன்னலுக்கு நடுவே ஒரு கட்டில் போடும் இடைவெளி அப்படியே இருந்தது. கூடத்தின் நடுவில், மெத்தை மேல், மெழுகில் செய்த ஒரு பெண் படுத்திருந்தாள். அறுத்துப் பார்க்க உடல் கிடைக்காத காலத்தில் மருத்துவ மாணவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்வதற்காக யாரோ ஒரு சிற்பி செய்தது. நிஜத் தலைமுடி. பாதி திறந்த கண். வயிற்றின் மேல்பகுதியை மூடியைப் போல எடுத்தால் உள்ளே குடல், ஈரல், கர்ப்பப்பை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். உடம்பில் பொட்டுத் துணி கிடையாது. அவளைத்தான் மகள் தேர்ந்தெடுத்திருந்தாள்.

அன்றைக்கு மாணவிகளுக்காகக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். தரையில் சிவப்புக் கோடு ஒன்று. அதைத் தாண்டக் கூடாது, எதையும் தொடக் கூடாது. வெள்ளை முடியும் கழுத்தில் தொங்கும் மூக்குக் கண்ணாடியுமாக இருந்த காப்பாட்சியர் அம்மாள் அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னார், மைக் அதைத் தமிழில் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். மகள் பேசத் தொடங்கினாள், மைக் அதை அந்த ஊர்ப் பேச்சில் சொல்லிக்கொண்டே வந்தாள். அடேயப்பா, என்ன பேச்சு! மேடம் பின்வரிசையில் நின்று வாயைத் திறக்காமல் கேட்டார். வீட்டில் உம் என்றும் ம்ஹூம் என்றும் சொல்கிறவளா இவள் என்று நெஞ்சு நிறைந்துபோனது. கையுறை போட்ட பணியாளர் வயிற்று மூடியைத் தூக்கினார். உள்ளே பார்க்க எல்லாரும் முன்னால் நெருக்கினார்கள், மெத்தையைச் சுற்றித் தலைகள் வட்டமாகக் கூடின. மேடத்துக்கு இப்போது மகள் தெரியவில்லை. தலைகளுக்கு இடையில் அந்தப் பெண்ணின் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன.

அப்புறம் நடந்தது அவருக்கே சரியாக நினைவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார், கோட்டைத் தாண்டினார், தோளில் கிடந்த சால்வையை உதறி மெழுகுப் பெண்ணின் இடுப்பிலிருந்து கால் வரைக்கும் போர்த்தினார், குதிகாலுக்குக் கீழே செருகியும் விட்டார். "கால் தெரியுது" என்று சொன்னார். அதோடு விட்டாரா? "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, முடிஞ்சிடும்" என்று மெழுகுப் பெண்ணிடமும் சொன்னார்.

அபாய மணி அலறியது. காவலர்கள் ஓடிவந்தார்கள். காப்பாட்சியர் அம்மாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். பெண்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, பாவம், அவர்களும்தான் என்ன செய்வார்கள். மெழுகில் ஒட்டியிருந்த கம்பளி இழைகளைப் பணியாளர் குனிந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். நல்லவேளை, எதுவும் உடையவில்லை. ஆனால் பேச்சு பாதியில் நின்றது, கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். மற்றவர்கள் எல்லாரும் காலையிலேயே பேசி முடித்திருந்தார்கள். மிச்சம் இருந்தது இவள் ஒருத்திதான்.

மகள் அழவில்லை. விடுதி அறைக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் பேசினாள். அறையில் இரண்டு பேர்தான் இருந்தார்கள், ஆனாலும் அவள் 'நீ' என்று சொல்லவில்லை.

"நான் இங்க வந்து படிக்கக் கூடாதுன்னுதானே பண்ணினீங்க, மேடம்?"

இல்லை என்று சொல்ல மேடம் வாயெடுத்தார். அந்தப் பாதங்களைப் பார்த்ததும் கை தானாகப் போனது, அது சத்தியம். ஆனால் இந்த இடம் அவளுக்குக் கிடைக்காமல் போனால் நல்லது என்று விமானத்தில் ஒரு தடவை நினைத்தாரா இல்லையா? நினைத்தார். அந்த நினைப்பு கைக்குள் புகுந்து வேலை செய்யவில்லை என்று எதை வைத்துச் சொல்வது? அவர் பேசாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். பேசாமல் இருந்ததையே மகள் பதிலாக எடுத்துக்கொண்டாள். மைக்கின் அறையில் படுத்துக்கொள்கிறேன் என்று தலையணையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள்தான் ஊர் திரும்பும் நாள். மாலையில் விமானம். காலையில் எல்லாரும் கடைத்தெருவுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது மேடம் மைக்கை மட்டும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் போனார். காப்பாட்சியர் அம்மாள் தன் அறைக்குள் உட்காரச் சொன்னாரே தவிர, முகம் கொடுக்கவில்லை. மேடம் மன்னிப்புக் கேட்டார். தப்பு என்னுடையது, அவள் பேச்சை முழுசாகக் கேளுங்கள் என்றார். அந்த அம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அது பொம்மை என்று உங்களுக்குத் தெரியாதா? பிறகு ஏன்?

மேடம் இதை யாரிடமும் சொன்னதில்லை. கட்டிய கணவரிடமும் சொன்னதில்லை.

"பொம்மைன்னு எனக்குத் தெரியும்மா. என் கைக்குத் தெரியலை. என் பொண்ணு பிறக்கும்போது, நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயேதான் படுத்திருந்தேன். கஷ்டமான பிரசவம். பெரிய டாக்டர் மாணவர்களுக்குக் காட்டணும்னு கூட்டிக்கிட்டு வந்தார். சுத்தி நின்னாங்க. எல்லாருமே எனக்குத் தெரிஞ்சவங்க, அவங்களோட உட்கார்ந்து டீ குடிச்சிருக்கேன். போர்வை கால்மாட்டுல கிடந்துச்சு. எடுத்துப் போடுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. போடணும்னு அவங்க யாருக்கும் தோணலை. கெட்டவங்க இல்லை. என் வயித்தையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க, என்னை ஒருத்தரும் பார்க்கலை."

மைக் பாதி வரைக்கும் மொழிபெயர்த்தாள். அப்புறம் குரல் உடைந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு மீதியைச் சொல்லி முடித்தாள். காப்பாட்சியர் அம்மாள் கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்துத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் மதியம் கூடத்தைத் திறக்கச் சொல்வதாகச் சொன்னார். ஆனால் கோட்டைத் தாண்டியவரை மறுபடி கூடத்துக்குள் விட முடியாது, அதை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. மகள் பேசுவதைக் கேட்க முடியாதே, பரவாயில்லையா என்று கேட்டார். அவள் பேசினால் போதும் என்றார் மேடம்.

வெளியே வந்ததும் மேடம் மைக்கை நிறுத்தினார். "இது காதும் காதும் வச்ச மாதிரி இருக்கணும். அவளுக்குத் தெரியவே கூடாது" என்றார். மைக் தொண்டைக்குழியைக் கிள்ளிக்கொண்டு சத்தியம் செய்தாள். ரகசியத்தைக் காப்பாற்ற மேடத்துக்கு உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லை, போங்கள்.

மதியம் எல்லாரும் கூடத்துக்குள் போனார்கள். மகள் அம்மா பக்கம் திரும்பாமலே கடந்துபோனாள். மேடம் கோட்டுகள் மாட்டும் அறையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். சால்வையை முந்தின நாளே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, முத்திரை ஒட்டி, குற்றவாளியின் பொருளைப் போலத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அது மடியில் கிடந்தது. கனத்த கதவு, உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மகள் முந்தின நாள் பேசிய வரைக்கும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. கொக்கியிலிருந்து சரிந்து தொங்கிய கோட்டுகளை எடுத்துச் சரியாக மாட்டினார், பொத்தான் போட்டுவிட்டார், மறுபடி உட்கார்ந்தார். மணி ஏதும் அடித்துவிடக் கூடாதே என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்துகொண்டு முதலில் வந்தது மைக். மூச்சு வாங்கியது.

"மேடம், அவ பேசவே ஆரம்பிக்கலை. முதல்ல துணி கேட்டா."

யாருக்குத் துணி என்று மேடம் கேட்டார்.

"அந்தம்மாவுக்குத்தான், மெழுகுக்கு. அருங்காட்சியகத்துலயே பொருளை மூடி வைக்கிற வெள்ளைத் துணி இருக்காம், அதைக் கொண்டாந்தாங்க. கழுத்துலேர்ந்து கால் வரைக்கும் போர்த்தச் சொன்னா. வயித்தை மட்டும் திறக்கச் சொன்னா. எல்லாரும் ரெண்டடி பின்னால போங்க, அவங்களுக்கு மூச்சு முட்டும்னா. அப்புறம்தான் பேசினா. முடிச்சதும் மூடச் சொன்னா. இந்த வயித்தை இத்தனை பேர் இத்தனை காலமா பார்த்திருக்காங்க, இவங்க முகத்தைப் பார்த்திருப்பாங்களான்னு தெரியலைன்னு சொல்லி நிறுத்தினா. காப்பாட்சியர் அம்மா அழுதுட்டாங்க மேடம். இடம் அவளுக்குத்தான். அங்கயே சொல்லிட்டாங்க."

மேடம் மடியிலிருந்த பையை எடுத்துப் பெஞ்சில் வைத்தார். பிறகு, "நீ அவகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"நான் யார்கிட்டயும் சொல்லலை மேடம்" என்றாள் மைக். "அவகிட்ட மட்டும்தான் சொன்னேன். பக்கத்துல இருந்தவங்க காதுல விழுந்திருந்தா அதுக்கு நான் என்ன பண்றது?"

மேடத்துக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. ஒரு வருஷம் மகள் இருக்க மாட்டாள் என்பது இப்போது முடிவாகிவிட்டது. அது நெஞ்சை அடைத்தது. அவள் ஜெயித்துவிட்டாள் என்பதும் அதே நெஞ்சுக்குள்தான் இருந்தது. எது பெரியது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. அவள் பேச்சைக் கேட்க முடியவில்லையே என்ற ஏக்கமும் கூடவே ஒட்டிக்கொண்டிருந்தது, அது கடைசி வரைக்கும் போகவில்லை.

விமான நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில் மேடம் வழக்கம்போல முன் இருக்கையில் தனியாக உட்கார்ந்தார். மகள் ஏறினாள். தோழிகள் பின்னால் இடம் போட்டு வைத்திருந்தார்கள். அவள் அங்கே போகவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, மேடத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மைக் கூட வாயைத் திறக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேடம் என்ன சொல்வது என்று தேடினார். நன்றாகப் பேசினாயாமே என்று சொல்லலாம், கேட்காமல் எப்படிச் சொல்வது? "ஒரு வருஷம்தானே" என்றார்.

"ஒரு வருஷம்தான்" என்றாள் மகள். ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பஸ்ஸில் குளிர் ஏறிக்கொண்டே வந்தது. மேடம் பிளாஸ்டிக் பையின் முத்திரையைப் பிரித்துச் சால்வையை வெளியே எடுத்தார். மகள்மேல் போடப் போனார். உதைப்பாளே என்று கை பாதியில் நின்றது. மடித்துத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வெளியே ஓடும் தெருவைப் பார்க்க ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரம் போனது. கண்ணைத் திறக்காமலே மகள் முழங்கையால் இடித்தாள்.

"அம்மா, கால் தெரியுது."